கேமராவுக்குத் தெரியாத கறுப்பு

"சாதா கேமராவுக்கும் இதுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"சாதா கேமரா போட்டோ எடுக்கும். இது போட்டோவையும் எடுத்து, அதுல இருக்கற ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியா பிளட் டெஸ்ட்டும் எடுத்துடும்."

"ஒவ்வொரு புள்ளிக்குமா?"

"ஒவ்வொரு புள்ளிக்கும். நம்ம கண்ணு சிவப்பு, பச்சை, நீலம்னு மூணே மூணு நிறத்தை வச்சுக் குடும்பம் நடத்துது. இது ஒரு புள்ளியில இருநூத்துச் சொச்சம் நிறத்தைப் பிரிச்சுப் பார்க்கும். அதுல முக்கால்வாசி நம்ம கண்ணுக்கே எட்டாது. ரெண்டு பாட்டில் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இதுக்கடியில வந்தா, நீ யாரு, எந்தப் பொருள்ல பொறந்தேன்னு சொல்லிடும்."

"அப்ப இதுகிட்ட யாரும் பொய் சொல்ல முடியாது."

"கறுப்பு சொல்லும்."

"கறுப்பா?"

"கரித்தூள் போட்ட கறுப்பு பிளாஸ்டிக். மேல விழற வெளிச்சத்தையெல்லாம் முழுங்கிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி உக்காந்திருக்கும். குப்பை ஓடற பெல்ட்டும் கறுப்பு. அதனால பெல்ட்டு காலியா போகுதுன்னு நெனச்சு கேமரா விட்டுடும்... அப்புறம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

மணி அடித்தது. பெல்ட் நகர ஆரம்பித்தது.

"இப்ப வேணாம். அப்புறம் கேக்கறேன்."

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை.

அவள் காத்திருந்தாளா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். ஆனால் ஷிஃப்ட் முடிந்ததும் உடனே கிளம்பாமல், துடைத்த மேஜையையே இன்னொரு தரம் துடைப்பாள்.

இப்போதும் அதே மேஜையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

"கேமராக்காதானே?" மறுமுனையில் மூச்சு வாங்கும் ஒரு குரல்.

அந்தக் குப்பை பிரிக்கும் ஆலையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேமரா ரூமில் உட்காருகிற அக்கா... கேமராக்கா.

"ஆமா. நீங்க?"

"இன்ஸ்பெக்டர். கீழ நிக்கறேன். மேல வர லிஃப்ட் இருக்கா?"

"இல்ல சார். இரும்புப் படிதான்."

"கொலை பண்ணத் தெரியுது... ஒரு லிஃப்ட் வைக்கத் தெரியல." போன் வைக்கப்பட்டது.

அவள் நாற்காலியில் சரிந்தாள். கண் எரிந்தது. தூங்கி எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணிப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. பகலில் போலீஸ் ஸ்டேஷன் வாசல். மீதி நேரம் இங்கே.

ஆலை மேனேஜர் செத்துப்போனது நாலைந்து நாள் முன்னால், மதிய இடைவேளையில்.

பிளாஸ்டிக்கை அமுக்கிக் கட்டுக் கட்டாகக் கட்டும் பிரஸ் மெஷினின் மேல்தளத்திலிருந்து தள்ளப்பட்டு, சிமெண்டுத் தரையில் விழுந்து கிடந்தார். தலைக்கடியில் ரத்தம். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. தானாகத் தவறி விழுகிறவர் தன் காலரைத் தானே கிழித்துக்கொள்ள மாட்டார்.

அன்று காலையில்தான் அவளுடைய தம்பி, லோடர் வண்டி ஓட்டுகிறவன், மேனேஜரோடு சண்டை போட்டிருந்தான். ஆலை மொத்தமும் நின்று வேடிக்கை பார்த்தது.

"இன்னொரு தடவை என் ஷிஃப்டை வெட்டினே... இந்த பிரஸ்ஸுக்குள்ளயே போட்டு அமுக்கிடுவேன்!"

வாய். வேறு ஒன்றுமில்லை. சின்ன வயதிலிருந்து அவனுக்கு வாய்தான் எதிரி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள். சோறு போட்டாள், படிக்க வைத்தாள்... வாயை மூட வைக்க மட்டும் அவளால் முடியவில்லை.

இடைவேளையில் எங்கே இருந்தாய் என்று போலீஸ் கேட்டதற்கு, "வண்டிக்குள்ள தூங்கிட்டிருந்தேன்" என்றான். பார்த்த சாட்சி யாரும் இல்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நாளைக் காலை கோர்ட்.

"அக்கா, நான் செய்யலக்கா," என்று கம்பிக்குப் பின்னாலிருந்து சொன்னான். மறுபடி மறுபடி அதையேதான் சொன்னான். அவள் நம்பினாள். எண்பது சதவீதம் நம்பினாள். மீதி இருபதுதான் அவளைத் தூங்க விடவில்லை.

கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர் இல்லை. வானவில் சார்.

கேமராவுக்கு இன்ஜினியர். அந்த 'அப்புறம்' சொன்னவர். எல்லாவற்றையும் நிறம் நிறமாகப் பிரித்துப் பேசுவதால் கீழே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். நாற்பதைத் தாண்டிய, அதிர்ந்து பேசாத மனிதர்.

"வக்கீல் கிட்ட பேசிட்டேன்," என்றார். "நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டார். நல்ல ஆளு. நீங்க சாப்பிட்டீங்களா?"

"பசிக்கல சார்."

"பசிக்காது. ஆனா சாப்பிடணும். நான் போய் டீயாவது வாங்கிட்டு வர்றேன்."

இந்த நாலைந்து நாளாக அவளுக்கு இருந்த ஒரே துணை அவர்தான். வக்கீல் தேடி அலைந்தது அவர். ஸ்டேஷன் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர். தோளில் சாய்ந்து அழலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சாயவில்லை. அழவும் தெம்பு வேண்டுமே.

அவர் இறங்கிப் போன படியில் இன்ஸ்பெக்டர் ஏறி வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"உங்க தம்பி விஷயமா வரல. அவன் விஷயம் முடிஞ்ச மாதிரிதான். ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கறேன்... பிரஸ் பக்கம் இருக்கற கண்காணிப்புக் கேமரா?"

"கெட்டுப்போய் ஒரு மாசம் ஆச்சு சார். மேனேஜர் மாத்தறேன் மாத்தறேன்னு..."

"மாத்தாமலே போய்ச் சேர்ந்துட்டார். சரி, இந்த ரூம்லயும் கேமரா இருக்குன்னு சொன்னாங்களே?"

"அது பெல்ட்டை மட்டும்தான் பார்க்கும் சார். குப்பையைப் பார்க்கற கேமரா."

"நானும் முப்பது வருஷமா அதைத்தானே பார்க்கறேன். காட்டுங்க."

அவள் திரையைத் திருப்பினாள். சலிப்போடுதான் சொல்லத் தொடங்கினாள். புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்த விளக்கம்.

"பெல்ட்டுல போற ஒவ்வொண்ணையும் இந்த நிறமாலை கேமரா கோடு கோடா ஸ்கேன் பண்ணும். எது எந்தப் பொருள்னு அதோட நிறக் கையெழுத்தை வச்சு அடையாளம் கண்டுபிடிச்சு, திரையில ஒரு கலர் கொடுக்கும். பாலிதீன்னா பச்சை. தண்ணி பாட்டில்னா நீலம். அடையாளம் கண்டதும் காத்தைப் பீய்ச்சி அடிச்சு அததோட தொட்டியில தள்ளிடும்."

"அடையாளம் தெரியாதது?"

"நேரா உலைக்குப் போயிடும். எரிச்சிடுவாங்க. அதைப் பதிவும் பண்ணாது. அடையாளம் கண்டதை மட்டும்தான் சேமிச்சு வைக்கும்."

"எங்க டிபார்ட்மெண்ட் மாதிரியே இருக்கே. அன்னைக்கு மதியம் இடைவேளையில என்ன போச்சு?"

"இடைவேளையில பெல்ட்டு ஓடாது சார்."

"சம்பிரதாயம்னு சொன்னேனே."

அவள் அந்த நாளைத் தட்டினாள்.

விரல் நின்றது.

ஒரு பதிவு இருந்தது. இடைவேளைக்கு நடுவில். ஒன்றே ஒன்று.

"என்னம்மா, இல்லேன்னீங்க?"

அவள் பதிவைத் திறந்தாள். இடது பக்கம் சாதாரணப் படம்... காலியான பெல்ட்டில் தனியாக ஒரு கறுப்புப் பை. உப்பலாக, அவசரமாகக் கட்டிய வாயோடு.

யாரோ பெல்ட்டை ஓட்டி, அந்த ஒரு பையை மட்டும் உலைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார்கள்.

ஏன் வாசல் வழியாகக் கொண்டுபோகவில்லை? அவளுக்குத் தெரியும். செம்புக் கம்பி திருட்டுப் போனதிலிருந்து, வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வாசலில் விடுகிறார்கள். இந்த ஆலையிலிருந்து ஒரு பொருள் சத்தமில்லாமல் வெளியே போக ஒரே வழி உலையின் புகைபோக்கி.

"இந்தக் கறுப்புப் பைல என்ன இருக்கும்?" இன்ஸ்பெக்டர் முன்னால் நகர்ந்தார்.

தம்பி... நீயாடா?

பெல்ட்டை ஓட்ட அவனுக்கும் தெரியும். அவள்தான் ஒரு தடவை விளையாட்டாகக் காட்டிக் கொடுத்திருந்தாள்.

பதிவை மூடிவிடலாம். 'மெஷின் கோளாறு சார்' என்று சொன்னால் இந்த மனிதர் நம்பிவிடுவார். முட்டி வலி நம்ப வைத்துவிடும். பெரிதாக்கிப் பார்த்து, அது தம்பியுடையதாக இருந்துவிட்டால்... அவன் கழுத்தில் கயிற்றை மாட்டியவள் அக்கா என்றாகிவிடும்.

மூடினாலும் நாளைக்குக் கோர்ட் வரத்தான் போகிறது.

அவள் பெரிதாக்கினாள்.

வலது பக்கம் நிறமாலைப் படம் விரிந்தது. பை முழுக்கப் பச்சை.

"கறுப்பா இருக்கறது இங்க பச்சையா இருக்கே?"

"அதான் சார்... சாதாரணமா இருக்காது." அவள் குரல் கீழே போனது. "கறுப்பு பிளாஸ்டிக் இதுக்குத் தெரியாது. ஆனா போன மாசம்தான் பையை மாத்தினோம். கரித்தூள் போடாம, சாயம் கலந்து செய்யற கறுப்பு. நம்ம கண்ணுக்கு அதே கறுப்புதான். கேமராவுக்குக் கண்ணாடி மாதிரி தெரியும். நான்தான் மேனேஜர் உயிரை வாங்கி மாத்த வச்சேன்."

"அதைத் தெரியாத ஒருத்தன் பழைய கணக்குல போட்டிருக்கான்."

"ஆமா. பதிவே ஆகியிருக்காதுன்னு நெனச்சிருப்பான். பதிவாகாததை யார் சார் போய் அழிப்பாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

தம்பிக்குப் பெல்ட் ஓட்டத் தெரியும். கறுப்பு விஷயம் தெரியாது. அதை அவள் அவனுக்குச் சொன்னதே இல்லை. அது இந்த ரூமின் ரகசியம்.

பையின் வாயில், முடிச்சுக்கு மேலே, துணி நுனி ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது. சாதாரணப் படத்தில் நீலம். ஆலையில் எல்லோரும் சட்டைக்கு மேல் போடுகிற அதே நீலக் கோட்டின் நீலம்.

"கோட்டு!" இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார். "உங்க தம்பியும் இதானே போட்டிருந்தான்? பிடிக்கறப்போ அவன் உடம்புல இருந்தது ரெண்டாவது கோட்டா இருக்கும். ரத்தம் பட்டது இது."

அவள் சுட்டியை அந்த நீலத்தின் மேல் வைத்தாள். புள்ளியின் கோடு திரையில் மேடும் பள்ளமுமாக வரைந்துகொண்டு போனது. கீழே ஒரு சொல் தோன்றியது.

பருத்தி.

அவள் மூச்சை விட்டாள். பல நாளாக உள்ளேயே நின்றிருந்த மூச்சு.

"இது என் தம்பி கோட்டு இல்ல சார்."

"அக்காமாரெல்லாம் அப்படித்தாம்மா சொல்வாங்க."

"நான் சொல்லல. அது சொல்லுது. கீழ வேலை செய்யற எல்லாருக்கும் கொடுக்கறது பாலியஸ்டர் கோட்டு. பார்க்க இதே நீலம், இதே தையல். ஆனா துணி வேற. பருத்திக் கோட்டு வேற ஆளுக்கு."

"யாருக்கு?"

"கேமராவைத் திறந்து கையை வைக்கறவங்களுக்கு. பாலியஸ்டர் உரசினா மின்சாரம் தட்டும். உள்ள இருக்கற சிப் போயிடும். அதனால இந்த ரூமுக்கு மட்டும் பருத்தி."

"இந்த ரூம்ல எத்தனை பேரு?"

அவள் தன் மேலிருந்த கோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கசங்கி, பழசாகி, முழங்கையில் தேய்ந்த பருத்தி. இந்த ரூமில் இரண்டே பேர்.

பையை மாற்றிய அந்த வாரம் யார் லீவில் இருந்தார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. நிதானமான, சிந்தாமல் டீ கொண்டு வருகிறவரின் நடை.

"உங்களுக்கும் சேர்த்துதான் சார்," என்று ஒரு கப்பை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தார் வானவில். "கொஞ்சம் ஆறிடுச்சு."

மடிப்புக் கோடு இன்னும் கலையாத கோட்டு. பளிச்சென்று இருந்தது. இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்தும் அவள் அதைக் கவனித்திருக்கவில்லை.

"சார்," என்றாள். "கோட்டைக் கழட்டிக் கொடுங்க."

"எதுக்கு?"

"கொடுங்களேன்."

அவர் திரையைப் பார்த்தார். பச்சைப் பையைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. இந்தப் படத்தை எப்படிப் படிப்பது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

மறுக்கவில்லை. கழற்றிக் கொடுத்தார்.

மேஜையோரம் மாதிரிகளைச் சோதிக்கிற சின்ன ஸ்கேனர் இருந்தது. அவள் தன் கோட்டையும் கழற்றினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள். கண்ணுக்கு ஒரே நீலம். எந்தக் கடைக்காரனும் பிரித்துச் சொல்ல முடியாது.

தட்டு நகர்ந்தது. திரையில் ஒன்று மஞ்சள். இன்னொன்று சிவப்பு.

"மஞ்சள் பருத்தி, என்னோடது," என்றாள். "சிவப்பு பாலியஸ்டர்."

"என்னோட கோட்டு சலவைக்குப் போயிருக்கு," என்றார் வானவில். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லாத குரல்.

"எந்தச் சலவைக்கு?" இன்ஸ்பெக்டர் ஆறின டீயை ஒரு வாய் குடித்தார். "வெளுக்கறதா, எரிக்கறதா?"

"பை உலைக்குப் போகல சார்," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "பாலிதீன்னு அடையாளம் கண்டு, காத்தடிச்சுத் தொட்டியில தள்ளிடுச்சு. சாயங்காலம் போலீஸ் போனதும் அதையும் சேர்த்து அமுக்கிக் கட்டிட்டாங்க. போலீஸ் லாரியை நிறுத்தி வச்சிருக்கறதால எல்லாக் கட்டும் முற்றத்துலயே நிக்குது. பாலிதீன் வரிசையில அன்னைக்குக் கட்டினது ரெண்டு மூணுதான் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். "ஏம்ப்பா, முற்றத்துல பாலிதீன் கட்டு இருக்கும். கம்பியை வெட்டிப் பிரி. நீலக் கோட்டு ஒண்ணு தேடு... ஆமாம்ப்பா, கையுறை போட்டுக்க. எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

வானவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓடப் பார்க்கவில்லை. ஓடுகிற வயசு தாண்டிவிட்ட களைப்பு அவரிடம் இருந்தது.

"தேட வேணாம் சார். என்னோடதுதான்."

"ஏன்?" என்று கேட்டது இன்ஸ்பெக்டர் இல்லை. அவள்.

"மேனேஜர் உங்களை வேலையை விட்டு நிறுத்தப் போறேன்னான். புது மெஷின் வருது, இந்த ரூமுக்கு ஒரு ஆள் போதும்னான். நான் கெஞ்சினேன். வேணும்னா நான் போறேன், அவங்களை வைங்கன்னு சொன்னேன். 'ஏன்யா, அவ என்ன உன் பொண்டாட்டியா'ன்னு சிரிச்சான். காலரைப் பிடிச்சேன்... பிடிச்சது தப்பு. தள்ளினது அதைவிடத் தப்பு. கீழ ஓடிப் போய்த் தூக்கிப் பார்த்தேன். மூச்சில்ல. கோட்டு முழுக்க ரத்தம்."

"கோட்டை மட்டும் எரிக்கணும்னு தோணிச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தோணல," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பயம் சார்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ரொம்ப தூரம் நடந்து வந்து, தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட மாதிரி ஒரு அலுப்புதான் வந்தது.

"ஸ்டேஷன் பெஞ்சுல என் பக்கத்துல உக்காந்திருந்தீங்க," என்றாள். "அவன் உள்ள அழுதது உங்களுக்கும் கேட்டுச்சு. அவனுக்கு வக்கீல் தேடினீங்க. என்னைச் சாப்பிடச் சொன்னீங்க."

"ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். சாட்சி இல்லாம எப்படி வச்சிருப்பாங்கன்னு..."

"யாரு, நானா?" இன்ஸ்பெக்டர் முட்டியைத் தேய்த்தார். "நான் பென்ஷன் வாங்கற வரைக்கும் விட்டிருக்க மாட்டேன்."

"என் வேலையைக் காப்பாத்த என் தம்பியைக் கொடுத்திருக்கீங்க சார்," என்றாள் அவள். "வேலை என்ன பெரிய வேலை... குப்பையைப் பார்க்கற வேலை. அவன் ஒருத்தன்தானே எனக்கு."

வானவில் தலையைக் குனிந்துகொண்டார்.

போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் எடுத்தார். "ம்... ம்... இருக்கா? சரி, அப்படியே பையில போடு. கறுப்புப் பை வேணாம்ப்பா, நமக்கு அது ராசியில்ல." வைத்தார். அவளைப் பார்த்தார். முதல் தடவையாக அந்த முகத்தில் போலீஸ்காரர் இல்லாமல் ஒரு வயசான மனுஷர் தெரிந்தார்.

"காலையில கோர்ட் வேணாம்மா. இப்பவே வண்டியில ஏறுங்க. தம்பியைக் கூட்டிட்டு வந்துடலாம். வெளிய வந்ததும் முதல்ல அவன் வாயைத் தைங்க."

அவள் தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழத் தெம்பு எங்கிருந்தோ வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். வானவில் மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். படியிறங்கும் கதவருகே போனதும் நின்றார். திரும்பினார்.

"ஒண்ணு கேக்கணும்."

அவள் ஸ்கேனர் தட்டிலிருந்து தன் கோட்டை எடுத்தாள்.

"ரெண்டு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். தினமும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். உனக்கு வேற பெரியவங்க இல்ல. முறையா உன் தம்பிகிட்டதான் கேக்கணும்னு நெனச்சிருந்தேன்... கேக்காமலே போயிட்டா, அது ஒண்ணு உள்ளேயே கெடந்து அரிக்கும். பதில் வேணாம். கேட்டுட்டு மட்டும் போயிடறேன்... என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் ஸ்கேனரை அணைத்தாள்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு, இரும்புப் படியில் முதல் காலை வைத்தார்.

"முறையாவே கேட்டுடலாம் சார். மச்சான் லாக்கப்பை விட்டு வெளிய வர்றப்போதான் நீங்க உள்ள போவீங்க... வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்றேன்."